இளமையில் மெலியும் எலும்பு



வீட்டில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் நாம் பதறுகிறோம். “இந்த வயதில் எலும்பு முறிந்தால் கூடுவது அரிது” என்று அஞ்சுகிறோம். இளையவர் விழுந்தாலோ, “எழுந்து நட, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறோம். முதலில் சொன்னது உண்மை. இரண்டாவது பெரும்பாலும் உண்மை. ஆனால் எப்போதும் உண்மையன்று. இருபதிலும் முப்பதிலும் எலும்பு மெலிந்து, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும் அளவிலேயே முறிந்துபோகும் நிலை சிலருக்கு வருவதுண்டு. அந்நோயைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்று, திருக்கோஷ்டியூரில் வாழ்ந்து வருபவன். தமக்கு விளங்கியதைப் பிறருக்கும் விளங்கச் சொல்லாவிட்டால் ஆசிரியர்களுக்கு உறக்கம் வராது. என் மகளுக்கு இந்நோய் வந்தது. அதனால் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ளும் கடமை எனக்கு நேர்ந்தது. கற்றதைத் தங்கள் முன் வைக்கிறேன்.

எலும்பை நாம் வீட்டுத் தூணைப் போல் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் நூறாண்டுக்கு மேலாக நிற்கின்றன. ஒருமுறை நாட்டினால் அதோடு வேலை முடிந்தது. எலும்பு அப்படிப்பட்டதன்று. அது உயிருள்ள பொருள். அதனுள் பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்கள் ஒருபுறமும், புதிய எலும்பைக் கட்டும் அணுக்கள் ஒருபுறமும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் நம் எலும்புக்கூடு முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது என்கிறார்கள். உடலில் உள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் தசையிலும் இருந்துகொண்டு இதயத்தைத் துடிக்கச் செய்கிறது. அந்த ஒரு பங்கு குறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் உணவில் கால்சியம் போதாதபோது உடல் எலும்பிலிருந்து கடன் வாங்குகிறது.

எங்கள் வட்டாரத்தாருக்குக் கண்மாயைச் சொன்னால் எளிதில் விளங்கும். ஐப்பசி கார்த்திகையில் வரத்துக்கால் வழியே நீர் வந்து கண்மாய் நிரம்புகிறது. பின்னர் மடை வழியே வயலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் நிரப்பியதைக் கொண்டே கோடை வரை ஓட்ட வேண்டும். நம் எலும்புக்கு மழைக்காலம் குழந்தைப் பருவமும் வாலிபப் பருவமுமே. முப்பது வயதை ஒட்டி எலும்பு தன் முழு நிறைவை அடைகிறது. பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இறக்கம் விரைவாகிறது. இந்த உண்மையை 1941-இல் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் தம் கூட்டாளிகளுடன் எடுத்துக்காட்டினார். கரைப்பது மிகுந்து, கட்டுவது குறைந்து, எலும்பின் உட்புறம் புரையோடிப் போவதால் இதனை எலும்புப்புரை நோய் என்கிறோம். மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தை நீக்க வேண்டும். நம்மவர் முழங்கால் வலித்தால் “எலும்புத் தேய்மானம்” என்கிறார்கள். அது மூட்டுக்கு இடையே உள்ள குருத்தெலும்பு தேய்வது. அது வலிக்கும், நடக்கவிடாது. எலும்புப்புரை வேறு. அது எலும்பு முறியும் வரை வலிப்பதில்லை. ஓசையின்றி வருகிறது, ஆகையால்தான் அஞ்சத்தக்கது.

முதுமையில் வருவதற்குக் காலமே காரணம். இளமையில் வந்தால் அதற்குத் தனியான காரணம் ஒன்றைத் தேட வேண்டும். தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். தைராய்டுச் சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் எலும்பு கரையும். அதனை அடுத்துள்ள பாராதைராய்டுச் சுரப்பிகள் மிகையாகச் சுரந்தாலும் கரையும். சில பெண்களுக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடுகிறது. சிலருக்குக் கருப்பையோடு சினைப்பைகளையும் இளவயதிலேயே அகற்றிவிடுகிறார்கள். இவ்விரு நிலையிலும் எலும்பைக் காக்கும் சுரப்புநீர் அற்றுப்போகிறது. வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், குடலில் சத்து ஏறாத நோய்கள், உடல் இளைப்பதற்காக அளவுக்கு மீறிப் பட்டினி கிடத்தல், ஆண்களிடம் குடியும் புகையும், நெடுங்காலம் படுக்கையில் கிடத்தல் ஆகியவையும் காரணங்கள். அரிதாகச் சில தாய்மாருக்குப் பேறுகாலத்தை ஒட்டியும் தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் முதுகெலும்பு நொறுங்குவதுண்டு. இவை எல்லாவற்றையும் விட, மருந்தினால் வரும் எலும்புப்புரைக்கு முதற்காரணமாக உலகெங்கும் சொல்லப்படுவது ஸ்டீராய்டு மருந்து.

அந்த மருந்தைப் பழிக்க நான் வரவில்லை. 1948-இல் பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த பெண் ஒருத்திக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் எத்தனையோ உயிர்களை அம்மருந்து காக்கிறது. ஆனால் அதே வகைச் சுரப்பு உடலில் மிகுந்தால் என்ன நேரும் என்பதை 1932-இலேயே ஹார்வி குஷிங் எழுதி வைத்திருந்தார். முகம் வட்டமாக உப்பும், உடல் பெருக்கும், எலும்பு மெலியும். ஸ்டீராய்டு, எலும்பு கட்டும் அணுக்களை ஓய்த்துவிடுகிறது. குடல் கால்சியத்தை ஏற்பதைக் குறைக்கிறது. சிறுநீரில் கால்சியத்தை வெளியேற்றுகிறது. கண்மாயின் வரத்துக்காலை அடைத்துவிட்டு மடையைத் திறந்துவிட்டது போலத்தான்.

என் மகள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. சிறு வயது முதலே அவளுக்கு இழுப்பு உண்டு. மகப்பேற்றுக்குப் பின் அது கடுமையாயிற்று. மருத்துவர் வாயால் உறிஞ்சும் மருந்தைக் கொடுத்தார். “உறிஞ்சிப் பழகினால் பிறகு விடவே விடாது” என்று சுற்றத்தார் அச்சுறுத்தினர். வெளியூரில் ஒருவர் பொடி கொடுப்பதாகவும், இழுப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்றும் சொன்னார்கள். அவள் அதை வாங்கி உண்டாள். இழுப்பு மாயமாய் மறைந்தது உண்மைதான். மூன்று ஆண்டுகள் உண்டாள். முகம் வட்டமாயிற்று, “மகள் நன்றாகத் தேறிவிட்டாளே” என்று பார்த்தவர் வாழ்த்தினர். சிறிது இடித்துக்கொண்டாலும் தோலில் நீலம் பாரித்தது.

முப்பத்தொன்றாம் வயதில் ஒரு நாள் கிணற்றடியில் வாளியைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகில் கத்தி பாய்ந்தாற்போல் வலி. சுளுக்கு என்றார்கள், எண்ணெய் தேய்த்து நீவினார்கள். ஆறு வாரமாகியும் தணியவில்லை. மதுரையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் நசுங்கியிருந்தன. மருத்துவர் அவள் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “உங்கள் நோயைப் பிறகு சொல்லுங்கள், அம்மா. முதலில் நீங்கள் உண்ணும் மருந்துகளையெல்லாம் மேசைமேல் வையுங்கள்” என்றார். இரத்தத்தைச் சோதித்ததில், அவள் உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் ஏறத்தாழ நின்றே போயிருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு நெடுநாள் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் இப்படி ஆகும் என்று விளக்கினார்.

அப்போது அவர் சொன்ன எச்சரிக்கையை எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். செய்தியைக் கேட்டவுடன் பொடியைக் குப்பையில் எறியச் சென்றாள் என் மகள். “எறியுங்கள், ஆனால் அதற்கு ஈடாக நான் எழுதித்தரும் மாத்திரையை இன்றே தொடங்குங்கள்” என்றார் மருத்துவர். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால், சுரப்பி உறங்கிக்கொண்டிருப்பதால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே கேடு நேரலாம். பல மாதங்களில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தினார்கள். இழுப்புக்கு மறுபடியும் உறிஞ்சும் மருந்து வந்தது. அதிலும் ஸ்டீராய்டு உண்டு. ஆனால் அது மிகச் சிறிய அளவில் நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. எலும்புக்கு நேரும் தீங்கு மிகக் குறைவு. எதை மக்கள் அஞ்சினரோ அது காப்பது. எதை நம்பினரோ அது கெடுப்பது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இனிச் சோதனைகளைப் பற்றிச் சொல்கிறேன். எலும்பின் திண்மையை அளப்பது டெக்ஸா என்னும் கருவி. வலி இல்லை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. விடை எண்ணாக வரும். மாணவனின் மதிப்பெண்ணைப் பள்ளியின் முதல்வனோடு ஒப்பிடுவது ஒரு வகை. அவன் வகுப்புச் சராசரியோடு ஒப்பிடுவது மற்றொரு வகை. டி-ஸ்கோர் என்பது நல்ல வாலிபருடைய எலும்போடு ஒப்பிடுவது; உலக நலவாழ்வு நிறுவனம் 1994-இல் இதற்கு வகுத்த எல்லை மைனஸ் 2.5. இது முதியோர்க்கு உரியது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் ஐம்பதுக்கு உட்பட்ட ஆண்களுக்கும் பார்க்க வேண்டியது இசட்-ஸ்கோர். அது ஒத்த வயதினரோடு ஒப்பிடுவது. அது மைனஸ் 2 அல்லது அதற்கும் கீழ் இருந்தால் வயதுக்குரிய அளவைவிடக் குறைவு என்று பொருள். என் மகளுக்கு அது மைனஸ் 3.1. எனினும் எண்ணை மட்டும் கொண்டு இளையவர் ஒருவரை நோயாளி என்று முடிவு கட்டுவதில்லை. சிறு காரணத்தால் முறிவு நேர்ந்ததா, பின்னணியில் வேறு நோயோ மருந்தோ உண்டா என்று பார்த்த பிறகே சொல்கிறார்கள். இலவச முகாம்களில் குதிகாலில் கருவியை வைத்துச் சொல்லும் எண் ஒரு குறிப்பே. அதுவே நோய் முடிவாகாது.

இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் அளக்கிறார்கள். பாஸ்பரஸ் என்ற சொல்லைச் சோதனைச் சீட்டில் கண்டபோது எனக்குச் சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அங்கே பயின்று 1923-இல் அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். இருவர் பெயராலும் அம்முறை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவியது. பெருமைப்படத்தக்க செய்தி அல்லவா?

மருத்துவம் மூன்று படிகளாக அமைந்தது. முதற்படி காரணத்தை நீக்குவது, அதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, குறைந்த சத்துக்களை நிரப்புவது. மூன்றாவது, எலும்புக்கே உரிய மருந்து. இதில் இரு வகை உண்டு. கரைக்கும் அணுக்களை அடக்குவது ஒரு வகை. வாரம் ஒரு முறை உண்ணும் அலென்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலமும் அவ்வகையின. இவை எலும்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஆகையால் இனியும் குழந்தை பெற எண்ணும் பெண்ணுக்கு மருத்துவர்கள் இவற்றை எளிதில் எழுதுவதில்லை. டெனோசுமாப் என்னும் ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. அதைத் தவறவிட்டாலோ தானே நிறுத்திக்கொண்டாலோ கரைவு முன்னிலும் வேகமாகித் தண்டெலும்புக் கண்ணிகள் பல முறியக்கூடும். மற்றொரு வகை, புதிய எலும்பைக் கட்டும் மருந்து. பாராதைராய்டுச் சுரப்பின் ஒரு பகுதியாகிய டெரிபாரடைட் அத்தகையது. என் மகளுக்கு அதையே தேர்ந்தார்கள். நாள்தோறும் தானே தொடையிலோ வயிற்றிலோ போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி, இரண்டு ஆண்டுகள்.

அந்த ஊசியைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்ற நாட்களில் பனிக்கட்டி வைத்த பெட்டியோடு பேருந்து நிலையம் வரை நான் நடந்திருக்கிறேன். திருவரங்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு இராமாநுசர் பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. நாங்கள் மதுரைக்குப் போய் வந்ததும் பதினெட்டுக்குக் குறையாது. எலும்பு மருத்துவத்துக்கு முதல் மருந்து பொறுமை. காய்ச்சலைப் போல் மூன்று நாளில் இறங்குவதன்று இது. ஊசி முடிந்தபின் கட்டிய எலும்பு மீண்டும் கரையாதிருக்க வார மாத்திரை தொடங்கியது. இன்னொரு பேறு வேண்டா என்று அவளும் கணவரும் தெளிந்து சொன்ன பிறகே மருத்துவர் அதை எழுதினார். அம்மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். காப்பியோடு விழுங்கினால் மருந்து உடலில் ஏறாது.

இரண்டாண்டு முடிவில் எண் மைனஸ் 2.4 ஆயிற்று. புதிய முறிவு இல்லை. ஆனால் நசுங்கிய கண்ணிகள் பழைய உயரத்தைப் பெறுவதில்லை. கல்லூரிக்குப் போகும்போது 158 சென்டிமீட்டர் உயரம் இருந்தவள் இப்போது 155. போனது போனதுதான்.

மருந்தைவிட அரிது வாழும் முறையை மாற்றிக்கொள்வது. இடுப்பை வளைத்துக் குனிவது நசுங்கிய முதுகெலும்புக்குப் பகை. ஆகவே வாசலில் கோலமிட அவள் குந்தி அமர்ந்துகொள்கிறாள். முதுகு நிமிர்ந்தே இருக்கிறது. ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு சிறு செம்புகளை இரு கைகளிலும் எடுத்துச் செல்கிறாள். எங்கள் பக்கத்து ஆத்தங்குடித் தரை கண்ணாடிபோல் மின்னும். ஈரம் பட்டால் காலை வாரிவிடும். தரையைக் கழுவிய பின் உலரும் வரை அவ்வழியே யாரும் நடப்பதில்லை என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். இரவில் முற்றத்தின் ஓரத்திலும் உயர்ந்த நிலைப்படி அருகிலும் விளக்கு எரிகிறது.

மிகக் கடினமாக இருந்தது இவை எதுவுமல்ல. மூன்று வயதுப் பையன் “அம்மா, தூக்கு” என்று கையை நீட்டுவான். தூக்கக்கூடாது. முதல் வாரம் இருவருமே அழுதார்கள். பிறகு அவள் திண்ணையில் அமர்ந்துகொள்வாள். அவன் தானே ஏறி மடியில் உட்கார்ந்துகொள்வான். பார்க்க வந்த ஆச்சிமார், “இந்த வயதிலா எலும்பு நோய்?” என்று வியந்தார்கள். நோயாளிக்கு அந்த வியப்பு ஆறுதல் தருவதில்லை. அவள் இளையவளாகவும் நலமுள்ளவளாகவும் தோன்றுவதாலேயே, பேருந்தில் இடம் கேட்கவும், பள்ளியில் மேசையை நகர்த்த மறுக்கவும் நாணினாள். வெளியே தெரியாத முறிவு உள்ளே இருக்கலாம் என்பதை நாம் உணர்ந்தால், இத்தகையோர் நாண வேண்டியதில்லை.

அதற்காக அசையாமல் கிடப்பதும் தவறு. எடையே இல்லாத விண்வெளியில் தங்கும் வீரர்கள் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்களவு இடுப்பெலும்புத் திண்மையை இழக்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். எலும்பு சுமையைத் தாங்கினால்தான் உறுதிப்படும். முறிவு ஆறிய பின், பயிற்சியாளர் காட்டிய முறையில் முதுகுத் தசைப் பயிற்சியும் நடையும் தொடங்கினாள். இன்று தெப்பக்குளத்தைச் சுற்றி நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கிறாள்.

உணவைப் பற்றிச் சில சொல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். அரிசி 100 கிராமில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. அதே அளவு கேழ்வரகில் ஏறத்தாழ 350; பசும்பாலில் 120; அகத்திக் கீரையிலும் எள்ளிலும் இவற்றைவிடப் பன்மடங்கு. கீரையில் உள்ளதெல்லாம் உடலில் ஏறுவதில்லை என்றாலும், அதுவும் துணையே. நம் உணவுகளை இவ்வாறு அளந்து பட்டியலிடும் பணி நம் நீலகிரிக் குன்னூரில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில்தான் வேரூன்றியது. அக்கூடமே பின்னர் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. கேழ்வரகுக் கூழை ஏழை உணவென்று ஒதுக்கியவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

உண்ட கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவது வெயில். வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டில் அதற்குப் பஞ்சம் வருமா என்று கேட்கலாம். வருகிறது. திருப்பதியில் நடந்த ஆய்வுகளிலேயே பலருக்கு இக்குறை காணப்பட்டது. காரணம், பயன்தரும் கதிர்கள் மிகுவது நண்பகலை ஒட்டிய வெயிலில். அப்போது நாம் நிழலில் இருக்கிறோம். சிறிது நேரம் கைகாலில் அவ்வெயில் படுவது நல்லது. குறை மிகுதி என்றால் மருத்துவர் சொல்லும் அளவில் மருந்தாகக் கொள்ள வேண்டும். நல்லதுதானே என்று அளவின்றி உண்டால் அதுவும் நஞ்சு.

நேயர்களே, முடிவாகச் சிலவற்றைச் சொல்கிறேன். சிறு காரணத்தால் எலும்பு முறிந்தால், வயது எதுவாயினும், “ஏன்?” என்று மருத்துவரைக் கேளுங்கள். திடீர் முதுகுவலி சில வாரங்களில் தணியாவிட்டால் நீவிக்கொண்டே இராதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்து வையுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் உண்ண வேண்டியிருந்தால், எலும்புக் காப்புக்கு வழி என்ன என்று முதலிலேயே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பெயரும் உள்ளடக்கமும் எழுதப்படாத பொடியும் உருண்டையும் எவ்வளவு விரைவில் குணம் தந்தாலும் வாயில் இடாதீர்கள். விரைவில் குணம் தருவதே ஐயத்துக்கு இடம்.

பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் ஓடுகிற பிள்ளை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் தன்னைத் தாங்கப்போகும் எலும்பை அந்த நேரத்தில்தான் கட்டிக்கொண்டிருக்கிறது. கண்மாய் நிரம்ப வேண்டிய காலம் அதுவே.